வீட்டில் காய்ச்சும் பீர்: முதலில் சூட்டைக் கவனியுங்கள்

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொல்லிக் கொடுத்தார். இங்கே பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சின்ன அலமாரி ஒன்று உண்டு. ஏரிங் கப்போர்ட் என்பார்கள். ராத்திரி மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் விடிவதற்குள் பொங்கிவிடும். சில வருடம் கழித்து முதல்முறையாக பீர் காய்ச்சியபோது, அந்த வாளியையும் யோசிக்காமல் அதே அலமாரியில் வைத்தேன். பீர் செய்ய வாங்கிய மால்ட் பாகு டின்னோடு வந்த தாளிலும் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்லித்தான் இருந்தது. ஒரே நாளில் நுரை மூடியைத் தொட்டது, மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பாட்டிலைத் திறந்தபோது கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாசனை, அதற்கடியில் நெயில் பாலிஷ் நெடி.

அடுத்த தடவை விலை கூடிய டின் வாங்கினேன். அதற்கடுத்த தடவை கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக் கூட்டினேன். நெடி போகவில்லை. கடைசியில் வாளியை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே குளிர்ந்த மூலையில் வைத்தேன். பழைய மலிவு டின், பழைய தண்ணீர், பழைய வாளி. வந்தது நண்பர்கள் கேட்டு வாங்கிக் குடித்த பீர்.

வீட்டில் நல்ல பீர் செய்ய என்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் அதனால் நான் முதலில் சொல்வது, ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள் என்பதுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பிரிட்டனில் சொந்தக் குடிப்புக்காக வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மத்திய அரசு அளவில் இதற்கு வழிவிட்டது. சிங்கப்பூரிலும் சொந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் வீட்டில் தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நீங்கள் இருக்கும் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அனுமதி உள்ள இடங்களிலும் அது வீட்டில் குடிக்கத்தான், உரிமம் இல்லாமல் விற்க முடியாது.

பீர் எப்படிப் பீராகிறது

பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். அதை நொறுக்கி 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். வடிகட்டினால் தேன் நிறத்தில் இனிப்பான மால்ட் சாறு கிடைக்கும். அதை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடும். அவ்வளவுதான்.

டின்னில் வாங்குபவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்தே வந்துவிடுகிறது. ஹாப்ஸ் சேர்த்துக் கொதித்து வற்றிய மால்ட் பாகு அது. தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்டால் போதும். முதல் ஐந்தாறு தடவை டின்னிலேயே செய்வதில் ஒரு குறையும் இல்லை என்பேன். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பல டின்களில் ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிலோ மால்ட் பவுடர் போடுங்கள். இங்கே கடைகளில் ஸ்ப்ரே மால்ட் என்று கேட்டால் தருவார்கள். வெறும் சர்க்கரை ஆல்கஹாலை ஏற்றும், நாக்கில் ஒன்றும் தங்காது. மால்ட் போட்டால் பீருக்குக் கனம் வரும்.

கவனிக்க வேண்டியது இது. சாறு தயாராகும் வரை கரண்டி நம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வாளிக்குள் நடக்கும் எதையும் நாம் நேரடியாகச் செய்வதில்லை, ஈஸ்ட் செய்கிறது. 1516-ல் இன்றைய ஜெர்மனியின் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே சொல்கிறது. ஈஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நுண்ணுயிரிகளின் பங்கை நிறுவிய பிறகு, 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். இன்று 11 கிராம் பாக்கெட்டில் நாம் வாங்கும் ஈஸ்ட்டுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இட்லி மாவும் பீரும் ஏன் வேறு

நம் வீடுகளில் புளிக்கவைப்பது என்றால் சூடு நல்லது. இட்லி மாவில் பெரும்பங்கு வேலை பார்ப்பவை பாக்டீரியாக்கள். அவை விடும் லாக்டிக் அமிலமும் வாயுவும்தான் மாவின் புளிப்பும் பொங்கலும். 30 டிகிரி அவற்றுக்குச் சுகமான சூடு, நமக்கும் அந்தப் புளிப்பு வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் நான் வாளியை அலமாரியில் வைத்தேன்.

பீர் ஈஸ்ட்டும் 30 டிகிரியில் உற்சாகமாகத்தான் இருக்கும். அந்த உற்சாகம்தான் தொல்லை. ஆல்கஹாலோடு சேர்த்து வேறு பல பொருள்களையும் ஈஸ்ட் விடுகிறது. எஸ்டர்கள் பழவாசனை தருபவை. ஐசோஅமைல் அசிட்டேட் என்பது நேராக வாழைப்பழ வாசனையே. எத்தில் அசிட்டேட் கொஞ்சமாக இருந்தால் பழம், கூடினால் நெயில் பாலிஷ். பியூசல் ஆல்கஹால்கள் தொண்டையில் எரிச்சலாக இறங்கும். ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி கொடுத்தால் இவை அளவோடு இருந்து பீருக்கு மணம் சேர்க்கும். 26, 28 என்று ஏறினால் எல்லை மீறும். குளிரில் நொதிக்கும் லாகர் என்ற பீர் வகையின் ஈஸ்ட்டுக்கு 9 முதல் 13 டிகிரிதான் ஏற்றது. அதனால் தனி ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் லாகரில் தொடங்க வேண்டாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட் சூட்டையும் வெளியிடுகிறது. அறை 20 டிகிரி இருந்தாலும், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது 20 லிட்டர் வாளியின் உள்ளே 24, 25 ஆகிவிடலாம். சூடு ஏறினால் ஈஸ்ட் இன்னும் வேகமாகத் தின்னும், வேகமாகத் தின்றால் சூடு இன்னும் ஏறும். சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறோம், வாளிக்குள் கதை வேறாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அளக்க வேண்டியது அறையின் சூட்டை அல்ல, வாளியின் சூட்டை. வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை மிக மலிவு. மீன்தொட்டிகளில் ஒட்டியிருப்பார்களே, அந்த வகைதான். ஓரிரு டிகிரி முன்னே பின்னே காட்டும், அதனால் பரவாயில்லை.

நாள்கணக்கில் பார்த்தால், ஈஸ்ட் போட்ட முதல் 12 மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. ஈஸ்ட் உள்ளே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, பெருகத் தயாராகிறது. அப்புறம் இரண்டு மூன்று நாள் நுரை பொங்கும். வேண்டாத வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது. ஆகவே நீங்கள் காவல் இருக்க வேண்டியது முதல் 72 மணி நேரம். நுரை அடங்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. வெண்ணெய் வாசனை தரும் டையசிட்டைலையும் பச்சை ஆப்பிள் வாசனை தரும் அசிட்டால்டிஹைடையும் ஈஸ்ட்டே திரும்ப எடுத்துக்கொண்டு சுத்தம் செய்யும். அதற்குக் கொஞ்சம் சூடு உதவும். இப்போது வாளியை 20, 21 டிகிரிக்கு ஏற விடலாம். முதலில் குளிர்ச்சி, கடைசியில் வெதுவெதுப்பு. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். சாறு 30 டிகிரியில் இருக்கும்போதே அவசரப்பட்டு ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு, மறுநாள் குளிரவைக்க ஓடுகிறார்கள். 18 டிகிரிக்கு ஆறும்வரை பொறுங்கள். மூடி பத்திரமாக இருந்தால் சில மணி நேரம் தாமதிப்பதால் எதுவும் கெடாது.

கஷ்கொட்டை மரமும் ஐஸும்

இந்தப் பாடத்தை பவேரியர்கள் காரணம் தெரியாமலேயே கற்றிருந்தார்கள். கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப் போகிறது என்று கண்டு, 1553-ல் அந்நாட்டு டியூக் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று ஆணையிட்டார். கோடையில் குடிக்க வேண்டிய பீரைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி நிலவறைகளில் வைத்தார்கள். உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸ் வெட்டிக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார்கள். நிலவறைக்கு மேலே வெயில் படாமல் இருக்க, அகன்ற இலையுள்ள கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். வேர் ஆழமாகப் போகாத மரம் என்பதால் நிலவறைக்குச் சேதம் இல்லை. அந்த நிழலில் மேசை போட்டுக் குடிக்க உட்கார்ந்ததுதான் மியூனிக்கின் பீர் தோட்டங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. பீர் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மரமும் ஒரு காலத்தில் குளிர்சாதனத்தின் ஒரு பாகமாக இருந்திருக்கிறது.

1870-களில் கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கியபோது, அவருக்குத் துணை நின்று சோதிக்க இடம் கொடுத்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலை. இங்கிலாந்திலும் சூட்டுக்கும் பீருக்கும் நெருக்கம் உண்டு. ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை.

சரி, வீட்டில் எப்படிக் குளிரவைப்பது

தனி ஃபிரிட்ஜும் சூடு பார்த்து அதை இயக்கி நிறுத்தும் கன்ட்ரோலரும் இருந்தால் வேலை சுலபம். கன்ட்ரோலரின் உணரியை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் ஒரு ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினால் அது அறைக்காற்றை விட்டுவிட்டு பீரின் சூட்டைப் படிக்கும். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடைக்கும்வரை நான் செய்தது இதுதான்: ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வாளியை இறக்கி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாளி மட்டும் இருந்தால் சூடு சட்டென ஏறும், சட்டென இறங்கும். சுற்றி 30 லிட்டர் தண்ணீர் நின்றால் அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகிவிடும். ஃபிரீஸரில் உறையவைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அதில் போட்டு வந்தேன். வெயில் அதிகமான வாரத்தில் ஒரு பழைய டவலை வாளிமேல் போர்த்தி, அதன் நுனி தண்ணீரில் தோயும்படி விட்டு, எதிரே ஒரு மின்விசிறி வைத்தேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்ப மனம் வராதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே சாறை 10 லிட்டர் வீதம் இரண்டு வாளிகளில் பிரியுங்கள். ஈஸ்ட் பாக்கெட்டையும் சமமாகப் பிரியுங்கள். ஒன்றை 18 டிகிரியில் வையுங்கள், மற்றொன்றை வீட்டின் சூடான மூலையில். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். என் வார்த்தையைவிட அந்த இரண்டு கிளாஸ்கள் தெளிவாகச் சொல்லும்.

மற்றவை

சூட்டுக்கு அடுத்தபடியாக ஈஸ்ட்டின் அளவு. டின் மூடிக்கடியில் வரும் பாக்கெட் பலசமயம் 6, 7 கிராம்தான் இருக்கும், எவ்வளவு நாள் எங்கே கிடந்ததோ. 20 லிட்டருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் தனியாக வாங்கிப் போடுங்கள். குறைவான ஈஸ்ட் போட்டால், இருப்பவை அதிக தலைமுறை பெருக வேண்டிவரும், வேண்டாத வாசனையும் அதோடு பெருகும். ஈஸ்ட் போடும் முன் வாளியை நன்றாகக் குலுக்கிக் காற்றுக் கலக்க விடுங்கள். ஆக்சிஜனை நாம் வரவேற்கும் நேரம் அது ஒன்றுதான். நொதித்த பிறகு காற்றுப் பட்டால் சில வாரங்களில் பீர் நனைந்த அட்டைப்பெட்டி போலச் சுவைக்கும். அதனால் பாட்டிலுக்கு மாற்றும்போது மேலிருந்து ஊற்றாமல், குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நிரப்புங்கள்.

சுத்தம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் ஒன்று மட்டும் பிரித்துச் சொல்கிறேன். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் கழுவி, பிறகு ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசலை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து எல்லா இடமும் நனைய விடுங்கள். அதன் நுரை மிச்சமிருந்தாலும் கெடுதல் இல்லை, மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசினால்தான் கிருமி திரும்ப வரும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறல்களில் பாக்டீரியா குடியேறிவிடும். கொதிக்கப் போகும் பாத்திரத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஆறிய சாறைத் தொடும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

பீரில் மருந்துக்கடை வாசனை, பேண்டேஜ் வாசனை வந்தால் சந்தேகப்பட வேண்டியது குழாய்த் தண்ணீரை. அதிலுள்ள குளோரின் அல்லது குளோரமின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் அந்த வாடை வரும். குளோரின் கொதித்தால் போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. டின் பீரில் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் நேராகக் கலப்பதால் இரண்டுமே உள்ளே வருகின்றன. கேம்ப்டன் மாத்திரை என்று விற்கும் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் பாதியை நொறுக்கி 20 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்தது.

எப்போது பாட்டிலில் அடைப்பது? இங்கே சுவையைவிடப் பாதுகாப்புதான் பெரிய விஷயம். வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாமல் தடுக்க மூடியில் செருகும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பி அடைக்கக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குமிழியே வராது, நின்ற பிறகு அறை சூடானால் மறுபடியும் வரும். ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். தண்ணீரை 1.000 என்று வைத்துச் சாறின் அடர்த்தியைக் காட்டும் மிதவை அது, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். சாறு 1.048-ல் தொடங்கியிருந்தால் 1.012 அளவில் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். தொடக்க அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசமான 0.036-ஐ 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் கிட்டத்தட்ட 4.7 சதவீதம் என்று தெரியும். முடியாத பீரை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் அறை முழுக்கத் தெறிக்கும், ஆளைக் காயப்படுத்தும். பாட்டிலுக்குள் வாயு ஏறுவதற்காக, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அதாவது 20 லிட்டருக்கு 120 கிராம், கொதிநீரில் கரைத்துக் கலந்து, பீருக்கென்றே செய்த தடித்த பாட்டில்களில் அடையுங்கள். சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலும் நல்லதுதான், அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறிவிட்டது தெரியும். கண்ணாடி என்றால் பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஒரு நாற்றம் வரும். அறைச் சூட்டில் இரண்டு வாரம், பிறகு ஃபிரிட்ஜ்.

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: ஃபிரிட்ஜும் இல்லை, வீடும் எப்போதும் 30 டிகிரி, நான் என்ன செய்வது? அவருக்கு நல்ல பதில் நார்வேயிலிருந்து கிடைத்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குவைக் என்ற ஈஸ்ட் வகை உண்டு. மரத்தில் செய்த வளையங்களில் ஈஸ்ட்டைப் படியவைத்து, உலர்த்தித் தொங்கவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துக்கொள்வார்கள். வோஸ் என்ற ஊரின் குவைக் 35 முதல் 40 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்யும். அந்தச் சூட்டிலும் நெயில் பாலிஷ் நெடி தராமல் மெல்லிய ஆரஞ்சு வாசனை தரும். இப்போது உலர் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. அவர் வாளியைப் போர்வையால் சுற்றி வைத்தார். நான்காம் நாளிலேயே ஹைட்ரோமீட்டர் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நாள் பொறுத்து மறுபடி அளந்துவிட்டு அடைக்கச் சொன்னேன்.